தொடையும் முடிச்சும்: கவிதையில் அருளும் ஆக்கமும் குறித்துச் சில எண்ணங்கள்

தோற்றுவாய்

கவிதை தானே பிறக்கிறதா, முயன்று செய்யப்படுகிறதா என்னும் வினா மிகப் பழமையானது. திறனாய்வு நூல்கள் இதனை ஒரு கோட்பாட்டுச் சிக்கலாக எடுத்துரைத்து, இரண்டும் வேண்டும் என்னும் சமரச முடிவோடு அடுத்த இயலுக்குச் சென்றுவிடுகின்றன. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தேன். தேர்வு விடைத்தாளில் அம்முடிவை எழுதிய மாணவர்க்கு முழு மதிப்பெண்ணும் வழங்கினேன். அவ்வினா எனக்கு மெய்யான வினாவாக மாறியது, நான் செய்த ஒரு பிழைக்குப் பின்னரே ஆகும். அப்பிழையிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குவதே நேர்மையென்று கருதுகிறேன்.

பெங்களூரில் கல்லூரி ஒன்றில், தமிழை மொழிப்பாடமாக எடுத்துப் பயிலும் பிறதுறை மாணவர்க்குக் கற்பித்து வருகிறேன். அவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் வகுப்பில் ஆங்கிலமும் பேசுவோர். 2019ஆம் ஆண்டு வணிகவியல் இரண்டாமாண்டு பயின்ற மாணவர் ஒருவர், வகுப்பு முடிந்தபின் ஒரு தாளை நீட்டி, “அம்மா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்றார். கிருஷ்ணராஜ மார்க்கெட்டில் விடியற்காலையில் பூக்கட்டி விற்கும் தம் தாயைப் பற்றி அவர் எழுதிய கவிதை அது. முதலில் அவரையே படிக்கச் சொன்னேன். படித்தார். பின்பு தாளை வாங்கிக்கொண்டு, மறுநாள் ஓரத்தில் சிவப்பு மையால் மூன்று குறிப்புகள் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். எதுகை இல்லை, மோனை இல்லை, யாப்பைக் கற்றபின் எழுதுக. இவையே அக்குறிப்புகள். அவர் “சரிங்கம்மா” என்று கூறித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன்பின் அவர் என்னிடம் எந்தக் கவிதையையும் கொண்டுவரவில்லை.

அந்நாளில் நான் செய்தது சரியே என்று நினைத்தேன். உணர்ச்சி மட்டும் கவிதை ஆகாது, செய்திறன் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்றும் அக்கருத்தை நான் கைவிடவில்லை. ஆனால் செய்திறன் என்று எதனைக் கருதினேன், அஃது எங்கிருந்து வருகிறது என்று எண்ணினேன் என்பவற்றை மீள்நோக்க வேண்டியதாயிற்று.

சொற்கள் சொல்வன

தமிழில் கவிதையைக் குறிக்கும் பழஞ்சொற்கள் பெரிதும் தொழிலைச் சார்ந்தவை. ‘செய்யுள்’ என்பது செய்யப்படுவது. ‘யாப்பு’ என்பது கட்டுதல். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று அடுக்கப்படும் உறுப்புகளுள் தளை பிணிப்பையும், தொடை தொடுத்தலையும் குறிக்கும். புனைதல், யாத்தல், தொடுத்தல், இயற்றல் என்னும் வினைகள் யாவும் கையின் வினைகளே. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக 34ஐத் தொகுத்துக் கூறுகிறது. ஒரு தச்சர் தம் கருவிகளை வரிசையாக எடுத்து வைப்பது போன்ற தொடக்கம் அது.

நன்னூலார் செய்யுளுக்கு இலக்கணம் கூறுமிடத்து, தாதுக்களால் இயன்ற உடல் உயிருக்கு இடமாவது போலச் சொற்களால் இயன்ற செய்யுள் பொருளுக்கு இடமாகிறது என்னும் உவமையைக் கையாளுகிறார். உணர்வில் வல்லோர் அணி பெறச் செய்வது அது என்றும் சுட்டுகிறார். உணர்வும் செய்தலும் ஒரே நூற்பாவில் அருகருகே நிற்பது நோக்கத்தக்கது. உணர்வு இயல்பாக வருவது, செய்தல் பயிற்சியால் வருவது என நாம் பிரிக்கும் பிரிவினை அங்கே இல்லை.

அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பிற பாக்களின் இலக்கணத்தைக் கூறும் அந்நூல், தானே கட்டளைக் கலித்துறை என்னும் கடுமையான கட்டமைப்பில் இயன்றது. நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து என்னும் கணக்குப் பிழையாமல், ஒரு பெண்ணை முன்னிலைப்படுத்திப் பேசிச் செல்கிறது. முதுகலை மாணவியாக அதனைப் பயின்றபோது, என்னை நோக்கியே ஆசிரியர் பேசுவதாக மகிழ்ந்ததுண்டு. காரிகை கற்றுக் கவிபாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பதே மேல் என்று ஏளனம் செய்யும் பழமொழியும் நம்மிடையே வழங்குகிறது. கற்றுப் பாடும் கவியின்பால் மக்களுக்கு இருந்த ஐயப்பாட்டை அப்பழமொழி காட்டுகிறது எனலாம்.

நான் வாழும் மாநிலத்தின் மொழியிலும் இதே முரண் ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன் அவையில் தோன்றிய ‘கவிராஜமார்க்கம்’, இன்று நமக்குக் கிடைக்கும் கன்னட நூல்களுள் மிகப் பழமையானது. செய்யுள் செய்யும் நெறியைக் கற்பிக்கும் அணியிலக்கண நூல் அது. ஆயினும் அதில் பெரிதும் அறியப்பட்ட பகுதி, கன்னட நாட்டு மக்கள் முறையாகக் கல்லாமலேயே கவிதை வழக்கில் தேர்ந்த மதியினர் என்று புகழும் பகுதியாகும். கல்லாமலேயே வருமாயின் அந்நூல் எதற்கு என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டார். அப்போது என்னிடம் விடை இல்லை. அவ்வினாவையும் இக்கட்டுரை உடன் சுமந்து செல்கிறது.

அருள் வரலாறுகள்

சொற்கள் தொழிலைப் பேசுகின்றன. ஆனால் புலவர் வரலாறுகள் அருளைப் பேசுகின்றன. காளமேகப் புலவர் கோயில் மடைப்பள்ளியில் பணிபுரிந்தவர் என்றும், திருவானைக்காவில் உறங்கியவர் வாயில் அகிலாண்டேசுவரி தாம்பூலச் சாற்றை உமிழ, அக்கணமே கவிமழை பொழியத் தொடங்கினார் என்றும் கதை வழங்குகிறது. அருணகிரிநாதருக்கு முருகனே முதலடி எடுத்துக் கொடுத்தான் என்பர். குமரகுருபரர் ஐந்தாம் அகவை வரை பேசாதிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்தார் என்பர். வடமொழிக் காளிதாசனுக்கும் இத்தகைய கதை உண்டு.

இக்கதைகளைப் பகுத்தறிவுக்குப் பொருந்தாதவை என்று ஒதுக்குவதோ, பக்தியோடு அப்படியே ஏற்பதோ இரண்டும் எளிது. நான் வேறொன்றைக் கவனிக்க விரும்புகிறேன். எந்தப் புலவர்களைப் பற்றி இக்கதைகள் எழுந்துள்ளன என்பதே அது. காளமேகத்தின் பெயரால் தனிப்பாடல் திரட்டில் இடம்பெறும் பாடல்களைப் பார்ப்போம். பாம்புக்கும் எள்ளுக்கும், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே சொற்கள் பொருந்துமாறு அமைத்த சிலேடைகள். ககர வருக்கம் ஒன்றாலேயே இயன்ற வெண்பா. தகர வருக்கம் ஒன்றாலேயே இயன்ற வெண்பா. இவை பொங்கி வழியும் உணர்ச்சிப் பாடல்கள் அல்ல. தமிழ்ச் செய்யுள் வரலாற்றில் மிகுதியும் இழைத்துச் செய்யப்பட்டவை இவையே. அருணகிரியாரின் சந்தமும் அத்தகையது. வல்லினமும் மெல்லினமும் தாளக் கணக்கில் இம்மியும் பிசகாமல் வந்து விழும் அமைப்பு அது.

ஆகவே நம் மரபு, அருள் என்னும் சொல்லைத் தொழில்நுட்பத்திற்கு எதிர்ச்சொல்லாகப் பயன்படுத்தவில்லை. தொழில்நுட்பம் அதன் உச்சத்தை அடைந்து, உழைப்பின் தடம் கண்ணுக்குத் தெரியாமற்போன நிலைக்கே அருள் என்று பெயரிட்டது. பாட்டியல் நூல்கள் கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகைப்படுத்துமிடத்து, கொடுத்த பொருளில் உடனே பாடும் ஆசுகவியை முதலில் வைப்பதும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது. விரைவு இங்கே கல்லாமையின் அடையாளம் அன்று. கற்றது முற்றியதன் அடையாளம்.

இதற்குக் கதை சாராத சான்றும் உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) உ.வே.சாமிநாதையர் 1871இல் மாயூரத்தில் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியர் ஏடும் எழுத்தாணியும் தாம் தொடாமல், பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே செல்ல, பிறர் எழுதிய காட்சிகளை அவர் நேரில் கண்டு பதிவு செய்துள்ளார். அதே பிள்ளையவர்கள் இளமையில் தண்டியலங்காரம் கற்பதற்காக, அந்நூலை அறிந்த பரதேசி ஒருவரைப் பின்தொடர்ந்து பணிவிடை செய்தார் என்னும் செய்தியும் உ.வே.சா. எழுதிய வரலாற்றில் உள்ளது. மடைதிறந்த வெள்ளம் என்று நாம் வியப்பதன் பின்னே, ஏடு தேடி வீடுவீடாக அலைந்த ஓர் இளைஞர் நிற்கிறார். வெள்ளத்தைப் பற்றியே வகுப்பில் பேசுகிறோம். அலைச்சலைப் பேசுவது குறைவு.

பிற்கால வழக்குகள்

பாரதியைப் பற்றியும் இவ்வாறே ஒரு படிமம் நிலைத்துவிட்டது. ஆவேசம் வந்து பாடுபவர் என்பதே அப்படிமம். ஆனால் 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்திற்கு அவர் எழுதிய முகவுரை, எளிய பதம், எளிய நடை, எளிதில் அறியத்தக்க சந்தம், பொதுமக்கள் விரும்பும் மெட்டு என்று தாம் கையாள விரும்பும் கருவிகளை எண்ணித் தெரிவு செய்யும் ஒரு கலைஞரையே காட்டுகிறது. ஆவேசமும் திட்டமும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தன.

1959இல் சி.சு.செல்லப்பா தொடங்கி 1970 வரை நடத்திய ‘எழுத்து’ இதழும், 1962இல் அவர் தொகுத்த ‘புதுக்குரல்கள்’ நூலும் புதுக்கவிதைக்கு இடமளித்தபோது, அதனை எதிர்த்தோர் முன்வைத்த முதன்மையான குற்றச்சாட்டு, அது யாப்பறியாதாரின் சோம்பல் என்பதே. ந.பிச்சமூர்த்தி முதலானோரோ, வாய்பாடு இல்லாத இடத்தில் ஒவ்வொரு கவிதைக்கும் அதற்குரிய அமைப்பைப் புதிதாகத் தேடவேண்டியிருப்பதால் பொறுப்பு மிகுகிறது என்பதைத் தம் படைப்பால் காட்டினர். அரை நூற்றாண்டுக்கு முன் முடிந்துபோன வழக்கு என்று நாம் கருதும் இதனை, அந்த மாணவரின் தாளின் ஓரத்தில் நான் என்னையறியாமல் மீண்டும் தொடுத்திருந்தேன். அதுவும் எதிர்வழக்குரைஞர் பக்கம் நின்று தொடுத்திருந்தேன்.

மேலைநாட்டிலும் இவ்வழக்கு உண்டு. கோல்ரிட்ஜ் தம் ‘குப்ளாகான்’ கவிதையை 1816இல் வெளியிட்டபோது, அஃது உறக்கத்தில் முழுமையாகத் தோன்றியதென்றும், விழித்து எழுதுகையில் வந்த ஒருவரால் தடைப்பட்டதென்றும் முன்னுரைத்தார். ஆயினும் பின்னர்க் கிடைத்த அவரது கையெழுத்துப்படிக்கும் அச்சுப்படிக்கும் இடையே பாடவேறுபாடுகள் உள்ளன. கனவும் திருத்தப்பட்டிருக்கிறது. எட்கர் ஆலன் போ 1846இல் எழுதிய கட்டுரையிலோ, தம் ‘அண்டங்காக்கை’க் கவிதையைக் கணக்குப் போடுவது போலப் படிப்படியாக அமைத்ததாகக் கூறினார். முன்னவர் உழைப்பை மறைத்தார். பின்னவர் எதிர்பாராது வந்து சேர்ந்ததை மறைத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெங்களூரில் ஓர் அவதானம்

இவ்வெண்ணங்களோடு இருந்த நாளில், பெங்களூரில் நடைபெற்ற ஓர் அட்டாவதான நிகழ்ச்சிக்குச் சென்றேன். தமிழில் கவனகம் என்று வழங்கும் இக்கலை நமக்குப் புதிதன்று. 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) பெயர் நம் மாணவர் பலர்க்கும் தெரியும். எனினும் இன்று தெலுங்கிலும் கன்னடத்திலும் போல இது தமிழில் பரவலாக நிகழ்வதில்லை. பெங்களூரைச் சேர்ந்த சதாவதானி ஆர்.கணேஷ் கன்னடத்திலும் வடமொழியிலும் நெடுங்காலமாக இதனை நிகழ்த்தி வருபவர். முழுதும் கன்னடத்திலேயே அமைந்த சதாவதானம் ஒன்றை அவர் 2012இல் இந்நகரில் நிகழ்த்தினார். பொறியியல் பயின்ற அவர், கன்னடத்தில் அவதானக் கலை என்னும் பொருளில் ஆய்வேடு அளித்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

நான் கண்ட நிகழ்ச்சியில் எண்மர் வினவ, அவதானி விடையிறுத்துக்கொண்டிருந்தார். ‘நிஷேதாக்ஷரி’ என்னும் பகுதி என்னைப் பெரிதும் கவர்ந்தது. அவதானி ஓர் எழுத்தைச் சொன்னவுடன், அடுத்து அவர் எந்த எழுத்தைச் சொல்லக்கூடும் என ஊகித்து, வினவுவோர் அதனைத் தடுப்பார். அவதானி தடுக்கப்பட்ட எழுத்தை விலக்கி வேறெழுத்தைச் சொல்வார். அதுவும் சந்தத்திற்கும் பொருளுக்கும் பொருந்த வேண்டும். இவ்வாறு எழுத்தெழுத்தாக ஒரு சுற்றுக்கு ஓரடி வளர்ந்தது. இடையிடையே ஒருவர் தொடர்பற்ற கேள்விகளை எழுப்பி அவர் கவனத்தைக் கலைத்துக்கொண்டிருந்தார். நான்கு சுற்றுகளின் முடிவில், தாளும் கோலும் இன்றி, எல்லாப் பாடல்களையும் அவர் நினைவிலிருந்து ஒப்பித்தார்.

அருகிருந்த முதியவர் ஒருவர் என்னிடம் கன்னடத்தில் “சரஸ்வதி நாவில் இருக்கிறாள்” என்றார். நான் மறுக்கவில்லை. ஆனால் என் மனம் ஒரு கணக்கில் ஈடுபட்டிருந்தது. அன்று பிறந்த பாடல்களுள் ஈற்றடி கொடுத்துப் பாடச்சொன்ன ஒன்றைக் கேட்டபோது அவை ஒரு நொடி ஓசையற்று நின்றது. பிறகே கைதட்டல் எழுந்தது. மற்றவற்றுக்கு உடனே கைதட்டினர். அவை திறமைக்குக் கிடைத்த கைதட்டல். நொடி நேர ஓசையின்மை வேறொன்றுக்குக் கிடைத்தது. பாடியவர் ஒருவரே, பயிற்சியும் ஒன்றே, பொழுதும் ஒன்றே. ஆகவே பயிற்சி எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்னும் என் கருத்தும் அன்று அசைந்தது. கவிதை வந்து அமர்வதற்கு இடத்தைப் பயிற்சி ஆயத்தம் செய்யலாம். வரவேண்டும் என்று கட்டளையிட அதனால் இயலவில்லை.

ஆயாவின் ஒப்பாரி

வீடு திரும்பும் வழியில் என் ஆயாவின் நினைவு வந்தது. நான் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். வடஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சுரங்க வேலைக்குச் சென்ற குடும்பம் எங்களுடையது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபின், மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து செல்வோருள் என் தந்தையும் ஒருவரானார். 2003இல் என் தாத்தா காலமானார். அப்போது நான் பள்ளி மாணவி.

ஆயா அன்று பாடிய ஒப்பாரியைக் கேட்டுத் தெருவே கலங்கியது. முப்பதாண்டுக் காலம் பூமிக்குள் இறங்கி ஏறியவர் இம்முறை இறங்கி ஏறாமற்போனதை அவர் பாடினார். துயரம் நேரே சொல்லாகிறது என்று நான் நம்பினேன். ஆனால் எனக்கு உறுத்திய ஒன்றும் இருந்தது. அப்பாடலின் சில பகுதிகளை இரண்டாண்டுகட்கு முன் அடுத்த வீட்டுச் சாவில் அவரே பாடக் கேட்டிருந்தேன். அங்கே தாலியும் மஞ்சளும் இருந்த இடத்தில், இங்கே சுரங்கமும் விளக்கும் வந்திருந்தன. அடியின் நீளமும் முடியுமிடத்து விம்மலும் மாறவில்லை. அது மெய்யான அழுகைதானா என்ற ஐயம்கூட எனக்கு எழுந்தது. சில மாதம் கழித்துத் தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டேன். ஆயா சிரித்தார். “அழுகை தானா வரும் கண்ணு. சொல்லு தானா வருமா? எங்கம்மா பக்கத்துல குந்திக் கத்துக்கினது” என்றார்.

முதுகலையில் க.கைலாசபதியின் வீரநிலைக் காலக் கவிதை பற்றிய ஆங்கில நூலைப் (1968) படித்தபோது அந்த விடை மீண்டும் நினைவில் எழுந்தது. 1930களில் மில்மன் பாரி யூகோஸ்லாவியப் பாடகரிடம் திரட்டியவற்றையும், ஆல்பர்ட் லார்டு 1960இல் அவற்றை விரித்துரைத்ததையும் அடியொற்றி, சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களை வாய்மொழிப் பாடகரின் வாய்பாடுகளாக அவர் விளக்கினார். சங்கப் பாடல்களின் செறிவு எழுத்துவழிப் புலமையையே காட்டும் என மறுத்தோரும், பாணரின் வாய்மொழி மரபைப் புலவர் பின்பற்றினர் என இடைநெறி கண்டோரும் உளர். அவ்விவாதம் எவ்வாறாயினும், அதிலிருந்து எனக்குத் தெளிவான செய்தி ஒன்றுண்டு. ஏட்டுக் கல்வி இல்லாதவர் என்பதும் செய்திறன் பயிலாதவர் என்பதும் ஒன்றல்ல. கவிராஜமார்க்கம் கல்லாதார் கவிதை வழக்கில் வல்லவர் என்றபோது, அது கல்லாமையைப் புகழவில்லை. ஏட்டுக்கு வெளியே நடைபெறும் ஒரு கல்வியைப் புகழ்ந்தது என்று இப்போது கருதுகிறேன். அன்று கேட்ட மாணவிக்கு நான் தர வேண்டிய விடை இதுவே.

என் ஆயாவுக்கு அருகில் நான் அமர்ந்து கற்கவில்லை. ஒப்பாரி பாடுவது கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்கு ஏற்றதன்று என்று வீட்டில் கருதினர். நானும் அவ்வாறே கருதினேன். அவர் மறைந்தபோது அழ மட்டுமே எனக்குத் தெரிந்தது. வெண்டளை பிழையாமல் வெண்பா எழுதத் தெரிந்த எனக்கு, அன்று பாட ஓரடியும் இல்லை.

இரண்டும் இரண்டும் ஒரு முடிச்சும்

2021ஆம் ஆண்டு பொங்கலுக்கு முந்திய நாள், அல்சூரில் பூ வாங்க நின்றேன். பூக்காரம்மா கட்டிக்கொண்டே பேசினார். அவர் கண் என் முகத்தில் இருந்தது. கை தன் வேலையைச் செய்தது. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், ஒரு முடிச்சு. மீண்டும் இரண்டு, இரண்டு, முடிச்சு. பார்த்துக்கொண்டிருந்தபோது, 2019இல் அந்த மாணவர் கவிதையைப் படித்த குரல் செவியில் வந்தது. அவர் நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சை நிறுத்தியிருந்தார். இரண்டு சொல், இரண்டு சொல், ஒரு நிறுத்தம். தாளில் அவ்வடிகளை அவர் புதுக்கவிதை நூல்களில் கண்டவாறு மடக்கி மடக்கி எழுதியிருந்தமையால், கண்ணால் மட்டுமே நோக்கிய எனக்கு அது தென்படவில்லை. நாற்சீரடி. அளவடி என்று நாம் கற்பிக்கும் அதே அடி. அகவலின் அடி. யாப்பைக் கற்றபின் எழுதுக என்று நான் எழுதிய தாளில் அடிவரையறை ஏற்கெனவே இருந்தது. தொடை இல்லை என்று நான் குறித்த கவிதை, பூத்தொடுக்கும் கையிலிருந்தே தன் ஒழுங்கை எடுத்திருந்தது.

அவர் அதனை எண்ணிச் செய்தாரா, தானே வந்ததா? தாயின் அருகில் பத்தாண்டு உட்கார்ந்து பூ எடுத்துக் கொடுத்த பிள்ளை அவர். எண்ணியிருக்க மாட்டார், ஆனால் கற்றிருந்தார். அருள் என்றும் ஆக்கம் என்றும் நாம் பிரிக்கும் கோட்டின் எப்பக்கத்தில் அதனை வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. அக்கோட்டை நான் வரைந்த இடம் தவறு என்பது மட்டும் விளங்கியது.

அவருடைய கைப்பேசி எண்ணைத் தேடிப் பேசினேன். அவர் படிப்பை முடித்து, பொருள்களை அனுப்பும் நிறுவனம் ஒன்றில் பணியில் இருந்தார். அக்கவிதை இருக்கிறதா என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “எந்தக் கவிதைம்மா?” என்றார். நினைவூட்டினேன். “அதுங்களா? வீடு மாத்தும்போது போயிருக்கும்மா. பரவாயில்லை, நான் அப்புறம் எழுதவேயில்லை” என்றார். குறைகூறும் தொனி அக்குரலில் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் எழுதியது தவறு என்று அவரிடம் சொன்னேன். “நீங்க சரியாத்தாம்மா சொல்லியிருப்பீங்க” என்றார். அவ்விடைக்குப்பின் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நிறைவாக

யாப்புக் கல்வி தேவையற்றது என்பது இக்கட்டுரையின் முடிபன்று. யாப்பை அறிந்திராவிடில், அந்த மாணவர் படைத்தது எத்தகைய அடி என்பதை நான் ஒருபோதும் உணர்ந்திருக்க இயலாது. இலக்கணம் எனக்குக் காலங்கடந்தேனும் செவியைத் தந்தது. ஆனால் அதனை முதலில் வாயிற்காவலாக நிறுத்தியிருந்தேன். செய்திறன் ஏட்டிலிருந்து மட்டுமன்றி, கையிலிருந்தும் களத்திலிருந்தும் அழுகையிலிருந்தும் கற்கப்பட்டு வருகிறது. அவ்வாறு கற்றோர் தாம் கற்றதை அறியாமலிருத்தல் இயல்பு. அதனை அவர்க்கு அறிவித்தலே ஆசிரியர் பணி என்று கருதுகிறேன். எவர்க்கு எப்போது அந்த ஒரு நொடி ஓசையின்மை வாய்க்கும் என்பது ஆசிரியர் கையில் இல்லை. வாய்ப்பதற்கு முன்பே ஒருவரை நிறுத்திவிடாதிருத்தல் அவர் கையில் உள்ளது.

இப்போது என் வகுப்பில் செய்யுளியல் பாடத்தின் வரிசையைச் சிறிது மாற்றியுள்ளேன். அசை பிரிப்பதற்கு முன் ஒரு வாரம், மாணவர் தத்தம் வீட்டில் கேட்கும் ஒழுங்கான ஓசைகளைக் குறித்து வருகின்றனர். காய்கறி வண்டிக்காரர் கூவுவது, பாட்டி உரலில் இடித்தபடி பாடியது, கோயில் உடுக்கை, கட்டடத்தில் செங்கல் கைமாறும்போது எண்ணும் எண்ணிக்கை என அவை அமைகின்றன. அவற்றை வகுப்பில் ஒலித்துக் காட்டியபின் நேரும் நிரையும் கரும்பலகைக்கு வருகின்றன. சிவப்பு மையை நான் விடவில்லை. மாணவர் கவிதை கொண்டுவந்தால், குறிப்பு எழுதுவதற்கு முன் அவரையே இருமுறை படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்கிறேன். பின்னர் ஓரத்தில் ஒரு வினாவை மட்டும் எழுதுகிறேன்: இங்கு ஏன் மூச்சை நிறுத்தினீர்கள்? சென்ற பருவத்தில் அவ்வினாவுக்கு ஒரு மாணவி பதினொரு பக்கம் விடை எழுதி வந்தார். அவற்றை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.